கௌசல்யா பெயரில் நான் ஏற்றிய வரிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வுபெற்றவர்களிடம் இப்படிக் கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டோம், எதை எதைச் சமாளித்தோம் என்று நாற்பது பக்கம் வரும். நான் ஒன்றும் கஷ்டப்படவில்லை. வேலை பிடித்திருந்தது, நாற்காலி வசதியாக இருந்தது, செம்மேட்டில் கிடைத்த டீயும் மோசமில்லை. கஷ்டப்பட்டது வேறொருத்தி. அதுவும் என்னால் கஷ்டப்பட்டாள். அதைத்தான் எழுதப் போகிறேன். கேட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்நேரம் உங்கள் கையில் லேப்டாப் கொடுத்திருப்பார்கள். ரெப்போவுக்குள், அதாவது நாம் எல்லோரும் எழுதும் புரோகிராம் கோடு சேர்ந்திருக்கும் அந்தத் தொலைதூர சர்வருக்குள் நுழைய, முதல் வேலையாக ஒரு எஸ்.எஸ்.எச். சாவி உருவாக்கச் சொல்லியிருப்பார்கள். கட்டளையைத் தட்டினால் இரண்டு கோப்புகள் வரும். ஒன்றை சர்வருக்குக் கொடுக்கலாம், ஊருக்கே காட்டலாம். இன்னொன்று உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது. சர்வருக்கு உங்கள் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. அந்த இரண்டாவது கோப்பை யார் வைத்திருக்கிறாரோ அவர்தான் நீங்கள் என்று அது நம்பிவிடும். எப்படி உருவாக்குவது என்று பக்கத்து இருக்கைக்காரர் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தந்துவிடுவார். ஏன் வெளியே போகக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

என் பணிக்காலத்தின் கடைசி ஆறு வருடங்கள் கொல்லிமலையில் கழிந்தன. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. மலை எனக்குப் புதிது. ஒரு தொண்டு நிறுவனம் செம்மேட்டில் சின்ன அலுவலகம் போட்டிருந்தது. அதற்குத் தலைமை அலுவலகம் கீழே நாமக்கல்லில். மலையில் நாங்கள் நாலு பேர். நான்தான் மூத்தவள், சர்வர், பாதுகாப்பு எல்லாம் என் பொறுப்பு.

செய்த வேலை இதுதான். கிராம செவிலியர்கள் தங்கள் பகுதியில் இருக்கும் கர்ப்பிணிகளின் விவரத்தைப் போனில் பதிவார்கள். அதிலிருந்து எங்கள் மென்பொருள் தினமும் காலையில் ஒரு பட்டியல் தயாரிக்கும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் யார் யாருக்குப் பிரசவம் என்ற பட்டியல். அது ஜீப் ஓட்டுநரின் போனுக்குப் போகும். அவர் போய் அந்தப் பெண்களை முன்கூட்டியே அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் அறையில் சேர்ப்பார். மலையில் பல ஊர்களுக்குப் பாதி தூரம்தான் ரோடு, மீதி நடைதான். வலி கண்ட பிறகு வண்டியைக் கூப்பிட்டால் நேரம் போதாது. அதனால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது அங்கே பெரிய விஷயம்.

நாலு பேரில் ஒருத்தி கௌசல்யா. கொல்லிமலையிலேயே குண்டூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த பெண். அப்பா மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் போட்டிருந்தார். ராசிபுரத்தில் விடுதியில் தங்கிக் கணினி படித்தவள், எங்களிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். மலையில் எந்த ஊரில் யார் வீடு என்பது அவளுக்கு மனப்பாடம். பதிவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரு தப்புங்க அக்கா, அந்த ஊர்ல அப்படி ஒருத்தருமே இல்ல" என்பாள். சரிபார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். என் மகள் வயது அவளுக்கு. ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நானும் வயது குறைந்த சந்தோஷத்தில் இருந்துவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து என் லேப்டாப் கருகிப் போயிற்று. நாமக்கல்லிலிருந்து புது லேப்டாப் வந்தது. சாவி வரவில்லை. அதை நான்தான் உருவாக்கி, வெளியே கொடுக்கக்கூடிய பாதியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் சர்வரில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவர் விடுப்பில் இருந்தார். எனக்கோ அன்றைக்கே ஒரு திருத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கௌசல்யாவிடம், "உன் சாவியைக் கொடும்மா, ரெண்டு நாளைக்குத்தான்" என்றேன்.

அவள் தயங்கினாள். "ஏனுங்க அக்கா, குடுக்கலாமுங்களா? யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் யாரோவா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்? விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே வந்து கேட்கிறாள். மறுக்க முடியாத இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, அவள் விரும்பிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். "இதை யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதே" என்று வேறு சொல்லிவைத்தேன். அவசரத்தில் சாவியோடு எழுதுபவர் பெயரைக் குறித்து வைக்கும் அவளுடைய அமைப்புக் கோப்பையும் சேர்த்து நகல் எடுத்திருந்தேன். அதனால் நான் எழுதி ஏற்றிய ஒவ்வொரு வரியும் கௌசல்யா எழுதியதாகவே ரெப்போவில் பதிவானது. பார்த்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விடுப்பில் போனவர் திரும்பி வந்தார். அடுத்த விடுப்புக்கும் போனார். நான் புதுச் சாவி அனுப்பவே இல்லை. வேலைதான் ஓடுகிறதே. இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. கௌசல்யாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நான் லீவு போட்ட அன்னைக்குக்கூட நான் வேலை செஞ்சிருக்கேனுங்க அக்கா" என்று திரையைக் காட்டிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

இது புதியவர்கள் செய்யும் தவறு இல்லை. நீங்கள் பயத்தில் விதிப்படி நடப்பீர்கள். விதி எதற்காக என்று தெரிந்தவர்கள்தான், தெரியும் என்ற தைரியத்திலேயே அதைத் தாண்டுவார்கள்.

அந்தச் சமயத்தில் ஜீப் ஓட்டுநரிடமிருந்து ஒரு புகார் வந்துகொண்டிருந்தது. ஒரே பெண்ணின் பெயர் இரண்டு முறை வருகிறது என்றார். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறவளைப் புகுந்த ஊர் செவிலியரும் பதிந்திருப்பார், தாய் வீட்டு ஊர் செவிலியரும் பதிவார். பெயரை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி. ஜீப் வீணாக ஒரு மலை ஏறி இறங்கும். புகார் நியாயமானதுதான். இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. பெயர் மாறலாம், ஊர் மாறலாம், போன் நம்பர் மாறாது. ஒரே நம்பரில் எத்தனை பதிவு இருந்தாலும் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். ஆறே வரி. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

எந்தத் திருத்தத்தையும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதைக் கொண்டுவந்தவளும் நான்தான். சாயங்காலம் நாலு மணி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் இணைப்பு போய்விடும், மறுநாள் மதியம் வரைகூட வராது. கௌசல்யா எதிரே குடையை எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளை இரண்டு நிமிடம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சர்வரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அவளிடம் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பாள். மலையில் சிக்னல் எல்லா வீட்டுக்கும் வராது. சில ஊர்களில் மேட்டு வீடு ஒன்றில்தான் வரும். அந்த வீட்டு போன் நம்பரைத்தான் ஊரே கொடுத்து வைத்திருக்கும். சேதி வந்தால் அந்த வீட்டுக்காரர் போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஆறு வருடம் அங்கே இருந்தேன், எனக்கு இது தெரியாது. செம்மேட்டில் என் வீட்டில் நாலு கோடு சிக்னல் வரும்.

கௌசல்யாவின் ஊருக்குப் பக்கத்து ஊரில் மூன்று கர்ப்பிணிகள் அப்படி ஒரே நம்பரைக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலைப் பட்டியலில் ஒருத்திதான் இருந்தாள். ஜீப் வந்து அவளை அழைத்துப் போனது. மற்ற இருவரும் தங்கள் முறைக்கு வண்டி வரும் என்று காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி சத்யா. அவளுக்குத்தான் முதலில் நாள் நெருங்கியது.

ஒரு வாரம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. மேட்டு வீட்டு போனில் அன்றைக்குச் சிக்னல் இல்லை. போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோர்த்து, நாலு ஆண்கள் ரோட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். பாதி வழியில், ஒரு பாறை ஓரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. வாழைத்தார் ஏற்ற வந்த ஒரு வேனில் போட்டு செம்மேட்டுக்கும், அங்கிருந்து மலை இறக்கி நாமக்கல்லுக்கும் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். பிழைத்துக்கொண்டாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு நாள் நான் இருந்த நிலையில் உங்களை வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

அன்று மதியமே அந்தப் பகுதி செவிலியர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"மேடம், என் நோட்டுல சத்யா பேரு இருக்கு. நான் பதிஞ்சதும் இருக்கு. லிஸ்ட்ல மட்டும் ஒரு வாரமா இல்ல. அவ கூட இன்னொரு பொண்ணும் இல்ல. எப்படி மேடம் போச்சு?"

கோடு இருந்த கோப்பைத் திறந்தேன். என் ஆறு வரியும் அப்படியே இருந்தன. தேட வேண்டிய அவசியமே இல்லை, பார்த்த கணத்தில் புரிந்தது. பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது: கௌசல்யா.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. நிம்மதியாக இருந்தது. ஒரு நொடிதான். ஆனால் இருந்தது.

உடனே அந்த வரிகளை நீக்கினேன். விடுபட்டவர்களுக்கு ஜீப் அனுப்பச் சொன்னேன். அந்த இன்னொரு பெண்ணை அன்றைக்கே போய் அழைத்து வந்தார்கள். முதலில் திருத்தம், பிறகு விசாரணை. அவசரத்தில் அதுதான் சரியான வரிசை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தையும் கௌசல்யாவின் சாவியில்தான் ஏற்றினேன். வேறு சாவி என்னிடம் இல்லை.

மறுநாள் காலையில் அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். ராத்திரி தூங்காத முகம். ரெப்போவில் தன் பெயரில் இருந்த அந்த வரிகளைப் பார்த்திருந்தாள். "அக்கா, அந்தப் போன் நம்பர் விஷயம் நான் எழுதலீங்க. யாரு எழுதுனதுன்னு பாத்துச் சொல்லுங்க அக்கா. உங்களுக்குத்தான தெரியும்."

அவள் எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதியிருக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் பெயரில் எழுதக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அவள் என்னைக் கேள்வி கேட்கவில்லை. நானே வாயைத் திறக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தாள்.

"பார்க்கிறேன்மா" என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் பேசிய மோசமான வார்த்தை அதுதான்.

இரண்டு நாளில் நாமக்கல்லுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கௌசல்யாவும் போனோம். நிறுவனத்தின் இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரியில் சத்யாவைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. அவர் முன்னால் சர்வர் பதிவுகளை அச்செடுத்து வைத்திருந்தார்கள்.

"பேரை எடுத்த கோடும் உங்க சாவியில வந்திருக்கு. நர்ஸ் போன் பண்ணின பத்து நிமிஷத்துல சத்தமில்லாம அதைத் திருத்தினதும் உங்க சாவியில வந்திருக்கு. அப்ப தப்பு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல. நான் வேற எப்படி எடுத்துக்கிறது?" என்று கௌசல்யாவைப் பார்த்துக் கேட்டார்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்த உடனடித் திருத்தம், அவளுக்கு எதிரான சாட்சியாக மேஜையில் கிடந்தது.

அவர் மறுபடி கேட்டார். "உங்க சாவியை வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா? குடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் என் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க சார்" என்றாள்.

ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். முடிவு தெரியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். முடிவு என்னவாக இருக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். பக்கத்துப் பக்கத்து இருக்கை. காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கியது. நாலைந்து வளைவு தாண்டியதும் நான்தான் கேட்டேன், "ஏன்மா இல்லைன்னு சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க. நானாச் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருமில்லீங்களா. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருந்தீங்க."

சொல்லிவிடுகிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சமயம் பார்த்துப் பேசலாம் என்ற மாதிரி ஏதோ முனகினேன். அவள் ஊருக்குப் பிரியும் ரோட்டில் இறங்கும்போது, "வாரேனுங்க மேடம்" என்றாள். அதுவரை அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

அடுத்த மூன்று நாள் நான் அலுவலகம் போனேன், வந்தேன். என் லேப்டாப்பில் ஒரு பதிவு இருந்தது. எந்த வரியை எந்த நிமிடத்தில் இந்த இயந்திரத்தில் சேர்த்தோம் என்று அது தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும். அந்த ஆறு வரி என் கையால் வந்தவை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதை அழிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. திறந்து பார்ப்பேன், மூடுவேன். ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. வழியனுப்பு விழாவில் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் நினைப்பு ஓடியது. அவள் சின்னப் பெண், வேறு வேலை கிடைத்துவிடும் என்றும் நினைத்தேன். மனது இதையெல்லாம் தானாகவே எடுத்துக் கொடுக்கும், நாம் கேட்கவே வேண்டாம்.

நாலாம் நாள் காலையில் கௌசல்யாவின் அப்பா வந்தார். அவளுடைய அலுவலக லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மழையில் நனையாமல் இருக்க மேலே உரச்சாக்கைச் சுற்றியிருந்தார். சாக்கைப் பிரித்து, பையை என் மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆபீஸ் சாமானுங்க. ஊட்டுல வெச்சிருக்கக் கூடாதுன்னு பாப்பா குடுத்துட்டு வரச் சொல்லுச்சுங்க."

"அவ எப்படி இருக்கா?"

"அழுவறதில்லீங்க. சோறும் திங்கறதில்ல." பையின் வாரை மடித்து வைத்தார். "எங்கூர்லதான் இருக்க முடியலீங்க. தண்ணிக்குப் போனா பொம்பளைங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. சத்யா மாமியா எங்களுக்கு ஒறம்பரைதானுங்க, சொந்தக்காரங்க. எங்க ஊட்டுப் பக்கமே திரும்பறதில்ல. படிக்க வெச்சு, நம்ம புள்ளைங்க பேரையே அழிக்க விட்டிருக்கீங்களேன்னு சொல்லியனுப்பியிருக்குது."

அவர் முகத்தை நிமிர்த்தினார்.

"பாப்பாகிட்டக் கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குதுங்க. அக்காவைக் கேளுங்கப்பா, அவங்களுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுது. ஏனுங்க, நீங்க பெரியவங்க, கூடவே இருந்தவங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. எம்புள்ளை இதைச் செஞ்சிருக்குமுங்களா?"

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. என்னை நம்பி வந்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க" என்றேன். "அவ செய்யல. நான் செஞ்சேன். அவ பேர்ல நான் செஞ்சேன்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கத்துவார் என்றுகூட நினைத்தேன். சொன்னதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மேஜைமேல் வைத்த லேப்டாப் பையைத் திரும்ப எடுத்து, சாக்கைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப இதைக் கொண்டு போறேனுங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அவர் படியிறங்கும்போதே இயக்குநருக்கு எழுத ஆரம்பித்தேன். சாவியை நான்தான் கேட்டு வாங்கினேன், அவள் தயங்கினாள், நான் வற்புறுத்தினேன், யாரிடமும் சொல்லாதே என்றேன், அந்த வரிகள் என்னுடையவை, இதோ என் லேப்டாப்பின் பதிவு. மிகவும் சின்னக் கடிதம். நாலு நாளாக முடியாத காரியத்தைச் செய்ய இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. அவர் போனில் கூப்பிட்டார். தவறைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "அன்னைக்கு அந்த ரூம்ல நீங்க என் எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார். சர்வர் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்தார்கள். என் கோப்பில் குறிப்பு எழுதினார்கள். எல்லாம் நியாயம்தான். வழியனுப்பு விழா வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அலுவலகத்தில் அவள் பெயர் ஒரே நாளில் சரியாகிவிட்டது. அவள் ஊரில் யார் மின்னஞ்சல் படிக்கிறார்கள்? சத்யா வீடு திரும்பியதும் ஒரு நாள் செவிலியரோடு அந்த ஊருக்கு நடந்து போனேன். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சத்யா உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் நெல் அளக்கும் படியைக் கையில் வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெயரை எடுத்தது கௌசல்யா இல்லை, நான். ஒரே போன் நம்பர் என்பதால் மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பரு ஒண்ணுன்னா நாங்க மூணு ஊட்டுப் பொண்ணுங்களும் ஒருத்தியாயிருவமுங்களா?" என்று கேட்டார். "ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமில்லீங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன். நான் கிளம்பும்போது அவர் சேலையை உதறிச் செருகிக்கொண்டு கௌசல்யாவின் ஊருக்குப் போகும் பாதையில் இறங்கினார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கௌசல்யா வேலைக்கு வந்தாள். முதல் வேலையாக அவள் பழைய சாவியை சர்வரிலிருந்து நீக்கினார்கள். என் லேப்டாப்பிலிருந்த நகலை அவள் கண் முன்னால் அழித்தேன். பிறகு அவள் புதுச் சாவி உருவாக்க உட்கார்ந்தாள். உதவி தேவைப்படுமோ என்று பழக்கதோஷத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவளுக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை, கட்டளை விரலிலேயே இருந்தது. சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்கச் சொல்லித் திரை கேட்டது. சாவிக் கோப்பு இன்னொருவர் கைக்குப் போனாலும் அந்த ரகசியச் சொற்கள் தெரியாமல் அதைப் பயன்படுத்த முடியாது. முன்பு அவள் அதைக் காலியாகவே விட்டிருந்தாள்.

அவள் விரல்கள் நின்றன. திரும்பாமலே, கொஞ்சமும் கோபமில்லாத குரலில், மரியாதையாகச் சொன்னாள்.

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பிக்கொண்டேன். சுவரைப் பார்த்து நின்றேன். அவள் ஒருமுறை தட்டினாள். உறுதி செய்ய மறுபடி ஒருமுறை தட்டினாள். நீளமாகத்தான் வைத்திருந்தாள். "ஆச்சுங்க" என்று அவள் சொல்லும் வரைக்கும் நான் திரும்பவில்லை.